ஒரு கை மட்டும் உள்ள கோயில்

எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றிக்காட்டுவதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். மண்ணூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஓயாமல் போகும். அதைத் தாண்டி உள்ளே வந்தால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பருத்த சுவர், தேக்கு உத்திரம், வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் வரவழைத்த மணி என்று அளந்துகொண்டே போவேன்.

அன்றைக்கு என் மகன் தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணைக் கூட்டிவந்தான். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒரே லைனில் வேலை. அவள் திருநெல்வேலிப் பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். அடுத்த ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். அவள் சேரிப் பெண் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் பெரிய ரகளை. மனசு வைத்துச் சம்மதித்தவன் நான்தான் என்று எனக்குள் ஒரு மிதப்பு.

கோயிலின் வடக்கே ஒட்டிக் கட்டிய கூடத்தில் போய் நின்றாள். அதற்குத் தனி வாசல். ஒரு பெரிய தூண் மறைப்பதால் அங்கிருந்து பூசை வைக்கும் பீடம் தெரியாது.

"இது எதுக்கு மாமா?"

"கோயில சிலுவை மாதிரி கட்டிக்கீறாங்கம்மா. இது ஒரு கை."

வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதுதான். அப்பா எனக்குச் சொன்னதும் அதுதான். சேரி ஜனங்களை அங்கேதான் உட்கார வைத்தார்கள் என்றும் அப்பா சொல்லியிருக்கிறார். அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் தெற்குச் சுவரைப் பார்த்தாள். வெறும் சுவர்.

"அப்ப இன்னொரு கை எங்க மாமா?"

நான் இருமினேன்.

"எங்கூர்லயும் இப்படி ஒண்ணு உண்டு," என்றாள். குரலில் கோபமே இல்லை. "கல்யாணத்துக்கு எங்கம்மா வருவாவ. எங்க உக்காரச் சொல்லட்டும்?"

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? மொத பெஞ்சுலதான்."

வாய்தான் சொன்னது. முதல் பெஞ்சிலிருந்து என் அண்ணன் எழுந்து போய்விடுவானோ என்று அந்த நேரத்திலும் மனசு கணக்குப் போட்டது. நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஞாயிறன்று மகனையும் அவளையும் முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தனி வாசல் வழியாக அந்தக் கூடத்துக்குள் போனேன். இத்தனை வயதில் அங்கே உட்கார்வது அதுதான் முதல் தடவை. சாமியார் ஓலை வாசித்தது காதில் விழுந்தது. யார் முகமும் தெரியவில்லை. அவள் என்னைத் தேடித் திரும்பினாளோ என்னவோ. திரும்பியிருந்தாலும், அங்கே உட்கார்ந்திருப்பவன் கண்ணில் பட மாட்டான். அப்படித்தான் கட்டியிருக்கிறோம்.