கட்டையில் பதிந்த மை

பக்கத்து வீட்டில் குழந்தைக்குக் கண்மை கூட்டுகிறார்கள். விளக்கெண்ணெயில் கரி குழையும் அந்த வாசனையில், இன்று கருவேலம் மூடிக் கிடக்கும் எங்கள் பரளச்சி கிராமத்து வீட்டுத் தாழ்வாரம் எழுந்து வந்துவிட்டது. கடலைக் காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸ் ரைபிள் வைத்திருந்த அப்பா, தேர்தலுக்குத் தேர்தல் அதை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்ததும், அங்கே உட்கார்ந்து, திருகாணியைக் கழற்றி, குழலோடு சேர்ந்த இரும்பைப் பிடிக்கட்டையிலிருந்து பிரித்து, கட்டையின் பள்ளத்தில் பழைய கறையைத் தேய்த்தெடுத்து, இரும்பின் அடியில் இதே மையைத் தடவி மறுபடி அழுத்திப் பொருத்திப் பார்ப்பார். அவரே உளியால் சுரண்டிச் சுரண்டி அந்த இரும்புக்கென்று குடைந்த கட்டை அது. சொந்த இரும்பென்றால் பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுக்கும். வேறு இரும்பு அங்கங்கே மட்டும் தொடும்.

"ஸ்டேசன்ல எவனாச்சும் இரும்ப மாத்தியிருப்பான்" என்பார் ஒவ்வொரு முறையும்.

கடைசியாக அவர் பிரித்துப் பார்த்தபோது பள்ளத்தில் மை படாத வெள்ளை ஊசிமுனை அளவுகூட இல்லை.

"இப்பவாச்சும் நம்புங்க, நம்ம துப்பாக்கிதான்" என்றாள் அம்மா.

அப்பா கட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் இன்னும் இறுகியது.

"அப்ப கட்டையையும் சேத்துல்ல மாத்தியிருக்கான்!"