கம்பியைக் காட்டுங்க, சாவி தாரேன்

பானட்டைத் தூக்கியதும் முகத்தில் வந்து மோதும், ஆயிலும் ரப்பரும் தூசியும் கலந்த அந்த வாடைதான் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலையின் வாடை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் மற்ற வீடுகளில் அந்நேரம் கறி வெந்துகொண்டிருக்கும். பள்ளி ஆசிரியையான என் அம்மா எஸ்தர், சர்ச்சுக்குப் புறப்படுமுன், இரவெல்லாம் நின்று குளிர்ந்த காரின் முன் குனிந்து, நாங்கள் "கம்பி" என்று சொல்லிவந்த ஆயில் அளவுகோலை உருவி, துணியில் துடைத்து, மறுபடி செருகி உருவி, இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், கடைசியாக ஸ்டெப்னி உள்பட ஐந்து டயரிலும் காற்று. எல்லாம், வண்டியோடு வந்த கையேட்டைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்துத் தானே கற்றது. "நகத்துல கரியோட திருவிருந்துக்கு வாறா பாரு" என்று சர்ச்சில் பின்வரிசையில் இருந்தவர்கள் பேசினார்கள். அம்மா கையை மறைத்ததில்லை.

அப்பா குவைத்தில் இருந்தார். தம்பி அனுப்பிய பணத்தில் வந்த கார் என்பதால் அது தனக்கும் பாத்தியப்பட்டது என்று அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, நினைத்தார். நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டின் பங்குனியில் காரை வாங்கிக்கொண்டு ஆழ்வார்திருநகரி வரை போய், சனிக்கிழமை மாலை திரும்பக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலை கம்பியின் நுனி மட்டும் நனைந்திருந்தது. வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டியிருந்தது. கல்லில் அடிபட்டு ஆயில் தொட்டி கசிந்திருக்கிறது.

"வளைவுல திரும்பையில டேஷ்போர்டுல ஒரு செவப்பு லைட்டு மினுங்கிச்சு. நேரா போனா அணைஞ்சிட்டு. அதுக்குப் போயி நிப்பாட்டவா?" என்றார் பெரியப்பா.

அது ஆயில் குறைந்ததைச் சொல்லும் விளக்கு. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் எஞ்சின் இறுகியிருக்கும். அம்மா கசிவை அடைக்க வைத்து, புது ஆயில் ஊற்றினார். இரண்டு வாரம் கழித்து முக்கூடல் கல்யாணத்துக்குப் பெரியப்பா மறுபடி சாவி கேட்டார். அம்மா தரமாட்டேன் என்றார். அன்றிரவே அப்பாவின் போன் வந்தது.

"அண்ணன் கேட்டா குடுத்துரு எஸ்தர். அவுக மானம் போயிரும்."

"எஞ்சினுக்குள்ள மானத்தையா ஊத்த முடியும்? ஆயில்தான் ஊத்தணும்."

கல்யாண நாள் காலையில் பட்டு வேட்டியோடு பெரியப்பாவும், பட்டுச் சேலையோடு பெரியம்மையும் வாசலில் வந்து நின்றார்கள். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க, பெரியப்பா கையை நீட்டினார்.

"சாவிய எடு. மூத்தவன் கேக்கேன்."

"ஆயில் பாக்குத கம்பி எங்க இருக்குன்னு காட்டுங்க அத்தான், சாவி தாரேன்" என்று அம்மா கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

பெரியப்பா உள்ளே உட்கார்ந்து, பானட்டைத் திறக்கக் காலடியில் தடவி, கைக்கு அகப்பட்ட ஒரு லிவரை இழுத்தார். டிக்கி திறந்தது.

"முன்னால திறக்கச் சொன்னா பின்னால திறக்கியளே!" என்று முதலில் சிரித்தவர் பெரியம்மைதான். பெரியப்பா இறங்கி, யாரையும் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பெரியம்மை அவர் பின்னால் போகவில்லை. டிக்கியை அடைத்துவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அம்மா ஓட்ட, கல்யாணத்துக்குப் பெரியப்பாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அதன்பின் இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதற்காக அம்மா வருத்தம் தெரிவித்ததும் இல்லை.

அந்தக் கார் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. முழங்கால் வலியால் அம்மா இப்போது ஓட்டுவதில்லை. வண்டியைப் பிரித்து வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கேள்வி கேட்கும் உரிமையும் எங்கோ போய்விட்டது. சர்வீஸ் சென்டரின் ஏ.சி. அறையில் காபி கொடுத்து உட்காரவைக்கிறார்கள். போன மாதம் திருநெல்வேலியில் என் காரை சர்வீசுக்கு விட்டபோது, ஓர் இளைஞர் பணிவாக வந்து சொன்னார்.

"பிரேக் பேடு தேஞ்சிட்டு மேடம், மாத்தணும். சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுதியளா?"

"வண்டி என் பேர்லதான் இருக்கு. சக்கரத்தக் கழத்துங்க, பாப்போம்."

"உள்ள கஸ்டமர விடமாட்டோம் மேடம்."

"அப்ப வண்டிய வெளிய கொண்டாங்க. இங்கன வச்சுக் கழத்துவோம்."

கொண்டுவந்தார்கள். பேடில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அதையே மாட்டச் சொல்லி, நான்கு நட்டும் இறுகும்வரை வெயிலில் பக்கத்திலேயே நின்றேன்.