ஹோல்டில் வைத்த சீட்டு

பிறந்த சில நாளிலேயே என் மகளுக்கு மஞ்சள் காமாலை. வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, "டிஸ்சார்ஜ ஹோல்டு பண்ணியிருக்காங்கம்மா" என்றதும் அழுதுவிட்டேன். "அய்ய, இன்னாத்துக்கு அழுவுறீங்க? நல்லா பாத்துட்டு அனுப்பறதுக்குத்தான்" என்று அவர் சிரித்தார். அதன்பின் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குத் தைரியம்தான் வந்தது. துணிக்கடையில் ஒரு புடவையை ஹோல்டில் வைத்தால் அது நமக்கென்று எடுத்து வைத்தது. போனில் ஹோல்டு என்றால் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆள் திரும்பி வந்துவிடுவார்.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அதற்கு வேறு பொருள். நான் செக்கிங்கில் இருந்தேன். நல்ல ஜோடி பாஸ். தையல் விட்டிருந்தால் ரிப்பேர். இரண்டு ஷூவுக்கும் நிறம் லேசாக ஒத்துப்போகாமல், தள்ளவும் மனசு வராவிட்டால், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ஹோல்டு. வாங்கும் பார்ட்டியின் ஆள் வரும்வரை அது ரேக்கில் கிடக்கும். அவர் ஒரு பார்வை பார்ப்பார். பெரும்பாலும் ரிஜெக்ட்.

பிரசவ லீவு முடிகிற நேரத்தில் குழந்தைக்கு இளைப்பு வந்தது. லீவை நீட்டியாக வேண்டும். எங்கள் லைன் சூப்பர்வைசர் அக்காவுக்குப் போன் செய்தேன். என் வளைகாப்பில் முதல் வளையல் போட்டவர் அவர். ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்குடி? உன் சீட்ட ஹோல்டுல வச்சிருக்கேன். நீ கொழந்தையப் பாரு."

எனக்குத் துணிக்கடைப் பொருள்தான் காதில் விழுந்தது.

வேலைக்குப் போக வேண்டுமே என்று மகளுக்குப் பால் மறக்கடித்தேன். அவள் அழுத அழுகையில், அவசரப்படுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். "நெஞ்சுல சளி இருக்குது, இன்னும் கொஞ்ச நாள் குடும்மா" என்றார் மாமியார். "சீட்டு எனக்காக வெயிட் பண்ணுது அத்தை" என்று பவுடர் பாலைக் கலக்கினேன். பால் கட்டி மார்பு வலித்தது. பிறகு பால் வற்றிவிட்டது.

திரும்பிப் போன அன்று என் மேஜையில் வேறு ஒரு பெண். அக்காவின் நாத்தனார் மகள். அக்கா என்னைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனார்.

"ஹோல்டுன்னு சொன்னீங்களேக்கா?"

"சொன்னேன். ஹோல்டுன்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா? எத்தினி ஜோடிக்கு நீயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்ப! சும்மா பேஜார் பண்ணாதடி."

அவர் பொய் சொல்லவில்லை. 'எனக்காகவா வச்சிருக்கீங்க?' என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். வளையல் போட்ட கையிடம் எப்படிக் கேட்பது?

நேராக ஆபீசுக்குப் போனேன். "நீங்க எதுவும் எழுதித் தரலியேம்மா. பார்க்கலாம்..." என்று ஆரம்பித்தார் எச்.ஆர். சார்.

"பார்க்கலாம்னா இன்னா சார்? எனக்கு வேலை இருக்கா, இல்லையா?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் என்னைப் பார்க்காமல், "இல்லம்மா" என்றார்.

வெளியே வரும்போது வாசலருகே அக்கா நின்றிருந்தார். "சாப்ட்டுட்டாவது போடி" என்றார். பழக்கத்தில் 'சரிக்கா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன்.