ஆவணி மாதத்தில் தோகை விரித்த மயில்

என் வீட்டுக்காரருக்கு நடக்கப் பிடிக்காது. வாசல் படலை வரை போய் வருவதையே கதிர்காம யாத்திரை போனவர் மாதிரிச் சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு, யாழ்ப்பாணத்துச் சனம் சண்டைக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு வன்னிக்கு வந்துகொண்டிருந்த ஒரு தை மாதம், வலது கால் பெருவிரலில் முள்வேலி கீறிய காயம் ஆறாமல் நின்றது. ஆஸ்பத்திரியில் சிறுநீரை நீல மருந்தோடு குழாயில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார்கள். செங்கல் நிறம் வந்தது. நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம்.

"மருந்துக் குளிசை வாறது குறைவு. வாயைக் கட்டுங்கோ. நல்ல செருப்பாப் போட்டுக்கொண்டு சமதரையிலை நடவுங்கோ" என்றார் டொக்டர். "இல்லாட்டி விரலை எடுக்கவேண்டி வரும். பிறகு அது விரலோடையும் நிக்காது."

எங்கள் வீடு கனகராயன்குளத்தில், வளவுக்குப் பின்னால் ஆறு. கரையோடு ஒரு வண்டில் பாதை போகும். மேடு இல்லை, பள்ளம் இல்லை, மேலே மருதமர நிழல். தத்தி நடக்கிற பிள்ளையும் நடந்துவிடும்.

"நானென்ன பட்டி மாடோ, ஆத்தங்கரையிலை சும்மா திரியிறதுக்கு?" என்று அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

எனக்கு அவருடைய பலவீனம் தெரியும். விடுப்பு, ஊர்ப் புதினம் பார்க்கிற ஆசை. ஊரில் எல்லோரும் பார்த்த ஒன்றைத் தான் பார்க்கவில்லை என்றால் மனிதருக்குச் சோறு இறங்காது.

"இஞ்சாருங்கோ, அந்த முதல் வளைவிலை நீர்நாய் குட்டியளோடை நிக்குதாம். எல்லாரும் பாத்திட்டினம்."

ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் அவர் செருப்பைத் தேடினார். வளைவுக்குப் போனால் வெறும் தண்ணீர். "சத்தம் கேட்டு அடுத்த வளைவுக்குப் போயிருக்கும்" என்றேன். அதற்கும் நடந்தார். இப்படி நீர்நாய், உடும்பு, மான் என்று ஒவ்வொரு நாளும் ஒன்றை முன்னால் ஓடவிட்டு அவரைப் பின்னால் நடத்தினேன். ஒரு நாள் நீர்நாய் உண்மையாகவே வந்து தொலைத்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மீனோடு தண்ணீருக்குள் தாண்டது. "ஐயோ!" என்று கத்தியது நான்தான். "என்ன கத்துறீர்? நீர்தானே நிக்குது எண்டு சொன்னனீர்" என்றார் அவர்.

பங்குனியில் ஆறு மெலிந்து மணல் வெளித்தது. கூழைக்கடாப் பறவைகள் வந்து மடுவிலிருந்த மீனை உறிஞ்சின. வைகாசியில் பாலைப்பழம். கரடிக்கும் அது பிடிக்கும் என்பதால் உரக்கக் கதைத்துக்கொண்டு போக வேண்டும். பழத்தின் பால் உதட்டை ஒட்டவைத்துவிடும். அவருக்கு மூன்று பழம், எனக்கு மடி நிறைய என்று பங்கு பிரித்ததால், கதைக்கிற வேலை முழுக்க அவருடையதாயிற்று. கரடி ஒன்றும் வரவில்லை. அந்தக் கதையைக் கேட்டால் எந்தக் கரடிதான் வரும்?

ஆடியில் சிறுபோக அறுவடை. எனக்குக் கூடப் போக நேரமில்லை. "பரவாயில்லை, நான் தனியப் போய்ட்டு வாறன்" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். வெயில் சாய முன்னமே செருப்பை மாட்டிவிடுவார். இருட்ட முதல் வந்து, மடுவில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததையும், நாரை பாம்பை விழுங்கியதையும் கையைக் காலை ஆட்டிச் சொல்லுவார். நான் குரக்கன் மாப் பிட்டும் பாகற்காயும் போட்டுக் கொடுப்பேன். ஆனால் புண் மட்டும் காயவில்லை. எனக்குப் பிடிபடவேயில்லை.

ஆவணியில் ஒரு பின்னேரம் வந்தார். "இண்டைக்கு ஒரு மயில், இஞ்சாரும், தோகையை முழுக்க விரிச்சு நிண்டு ஆடினது. கண்ணுக்குள்ளையே நிக்குது!"

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் மயில் ஆடுவது மாசி, பங்குனியில். ஆடி மாதம் முடிவதற்குள் தோகை உதிர்ந்துவிடும். ஆவணியில் ஆண் மயில் மொட்டை வாலோடு வெட்கப்பட்டுப் பற்றைக்குள் திரியும். பேய்க்காட்டி ஏமாற்ற வேறு ஆளில்லையா இவருக்கு! மிச்ச அரிசியையும் புடைத்து முடித்தேன்.

அடுத்த நாள் அவரைப் போகவிட்டுப் பின்னால் போனேன். மடுவை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் வளைவு தாண்டினால், தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களின் மிளகாய்க் கன்றுகள் தெரியும். முதல் குடிசை வாசலில் கதிரை போட்டு, ஒரு கையில் பால் விடாத வெறுந்தேத்தண்ணி, மறு கையில் பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"எங்கை, மயிலைக் காணேல்லை?" என்றேன்.

தேத்தண்ணி கட்டியிருந்த சாரத்தில் சிந்தியது. "இது சீனி இல்லையப்பா. பனங்கட்டி. மருந்துக்குப் போடுறது" என்றார், கட்டியை வாய்க்குள்ளிருந்து எடுக்காமலே.

குடிசைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தா. "நீங்கதான் ஐயா சம்சாரமா? வீட்டுல வாய்க்கு ருசியா ஒண்ணுமே குடுக்கிறதில்லையாமே. ஆளு எளச்சுப் போயிட்டாருன்னு பாவப்பட்டுத்தான் தெனம் ரெண்டு கட்டி வைக்கிறேன்."

எனக்கு உச்சியில் ஏறியது. "இந்த மனிசனுக்குச் சீனி வருத்தம். விரலை வெட்டவேணும் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார்!"

அவ கோப்பையை அவர் கையிலிருந்து பறித்த வேகத்தில் மிச்சத் தேத்தண்ணியும் சாரத்துக்கே போனது. "அட பாவி மனுசா! என் கையாலயே வெசத்த வாங்கித் தின்னீங்களா? ஒரு வார்த்த சொன்னா என்ன?" பிறகு நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசினோம். அவ மூச்சு வாங்கும்போது நான், நான் மூச்சு வாங்கும்போது அவ. வேலிக்கு வெளியே நின்ற மந்திக் கூட்டம்கூட எழும்பிப் போய்விட்டது. அவர் மட்டும் அசட்டுச் சிரிப்போடு இருந்தார்.

அந்தச் சிரிப்புத்தான் என்னை உடைத்தது. "சிரியுங்கோ. ஆஸ்பத்திரியிலை வெட்டேக்கை விறைக்கப் போடுற ஊசியே ஒழுங்கா இல்லை. காலை எடுத்துப்போட்டு இருக்கேக்கை நாளைக்கு ஊரோடை ஓட வேண்டி வந்தால் ஆர் உங்களைத் தூக்கிறது? விட்டிட்டு ஓடுவனெண்டு நினைச்சீங்களே?" அவ்வளவு நாளும் ஏசிக்கொண்டு திரிந்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு ஒரே பயம்.

அவர் பனங்கட்டியைக் கதிரைச் சட்டத்தில் வைத்துவிட்டு எழும்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து அறுவடையோ அடுப்போ எது கிடந்தாலும் கிடக்கட்டும் என்று நானும் கூட நடந்தேன். அந்தப் பெண்ணும் தன் வாசலில் நின்று, "ஐயா, வெறும் தண்ணி இருக்கு, வேணுமா?" என்று நாள் தவறாமல் கேட்டு அவர் மானத்தை வாங்கினா. ஐப்பசி மழையில் ஆறு புரண்டது. வெளித்தேசத்து வாத்துகள் குளத்தில் வந்து இறங்கின. கார்த்திகையில் ஆஸ்பத்திரிக் குழாய்க்குள் நீலம் மாறாமல் நின்றது, சீனி இல்லை. புண் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும்.

அதற்கு அடுத்த வருடம் சண்டை கிட்ட வந்து ஊரே எழும்பியது. ஷெல் விழ விழ, ஆறும் பாதையும் பின்னால் கிடக்க, ஒட்டுசுட்டான் பக்கம் நடந்தோம். பாதி வழியில் என் முழங்கால் வீங்கிக் கதையை முடித்துக்கொண்டது. அவர் சைக்கிள் கரியரில் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு என்னை ஏற்றினார்.

"இறக்குங்கோ, நான் மெல்ல மெல்ல நடக்கிறன்."

"பேசாமல் இரும். நீர் இறங்கினால் பாரமில்லாமல் சைக்கிள் ஆடும்."

விடியும் மட்டும் என்னைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.