மூக்குத்தி அளவில் ஒரு புஷ்

பிள்ளைகள், யுத்த காலத்தில் நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பட்டறையில் வேலை செய்தேன். உலோகத்தைக் கடைய, கணினியால் ஓடும் ஒரு பழைய லேத் மெஷினை முதலாளி கொழும்பிலிருந்து வாங்கி வந்திருந்தார். அதோடு ஒரு மென்பொருளும் வந்தது. உலோகத்தை வெட்டும் முன் அந்த வேலையை அது திரையில் செய்து காட்டும். எங்களுக்கு அது பெரிய உதவி. அனுமதி இல்லாமல் பித்தளை ஊருக்குள் வராது. ஒரு துண்டைக் கெடுத்தால் அடுத்த துண்டு எப்போது வருமென்று சொல்ல ஏலாது.

ஒரு நாள் பின்னேரம் சாம்பல்தீவிலிருந்து ஒரு அக்கா வந்தார். பழைய சாரத் துணியில் சுற்றி, வள்ளத்தின் மோட்டாரில் சுழலும் ஷாப்டையும் அதைத் தாங்கும் தேய்ந்த பித்தளை வளையத்தையும் கொண்டுவந்திருந்தார். புஷ் என்போம் அந்த வளையத்தை. சோதனைச் சாவடியில் அவிழ்த்துக் காட்டி, விளக்கம் சொல்லி வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"வள்ளம் கரையில கிடக்குது தம்பி. இது சரிவந்தால்தான் எங்கட வீட்டில அடுப்பு எரியும்."

பட்டறையில் ஒரேயொரு பித்தளைத் துண்டுதான் இருந்தது.

முதலாளி பழைய புஷ்ஷை அளந்தார். அவருக்கு எல்லாம் அங்குலக் கணக்கு, இஞ்சியும் அதில் எட்டில் ஒரு பங்கான நூலும்தான். "ஒண்டே கால் இஞ்சியும் ஒரு நூலும்" என்றார். நான் அதைத் தசமத்தில் மாற்றித் தட்டினேன். திரையில் மிகச் சிறிதாக ஒரு பொட்டு வந்தது. மென்பொருள் மில்லிமீற்றரில் இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தார். "இது வள்ளத்துக்கோ, என்ர மூக்குத்திக்கோ?"

முதலாளி சிரித்துவிட்டார். நான் அலகை இஞ்சிக்கு மாற்றினேன். புஷ் சரியான அளவுக்கு வந்தது. ஓடவிட்டேன். கத்தி ஒரே பாய்ச்சலில் பித்தளைக்குள் இறங்கி, துண்டைப் பிடித்திருந்த தாடையிலும் மோதியது. திரை சிவந்தது.

"ஐயோ, எங்கட பித்தளை."

"பயப்படாதைங்கோ அக்கா, இது படம்தான். துண்டு அப்படியே கிடக்குது."

ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி எவ்வளவு இறங்க வேண்டும் என்ற இடத்தில் முன்பே ஒன்று என்று இருந்தது. அலகு மாறியதும் ஒரு மில்லிமீற்றர் ஒரு இஞ்சியாகிவிட்டது. அதை நூலிலும் சிறிதாகக் குறைத்தேன்.

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். "வேகத்தைக் கூட்டிப் பாரு தம்பி. இருட்ட முன்னம் றோட்டை மூடிப்போடுவாங்கள். அவ பஸ் பிடிக்க வேணும்."

திரையில் படத்தின் வேகத்தைக் கூட்டினால் கத்தி எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நான் அக்காவைப் பார்த்தேன்.

"ஆறுதலா ஓட்டுங்கோ. பஸ் போனா நான் தங்கச்சி வீட்டில படுப்பன். அவள் எனக்குச் சோறு தந்து கனகாலம்."

வேகத்தை ஆகக் குறைத்து வைத்தேன். மூன்று பேரும் திரைக்கு முன்னால் கதிரை போட்டு, கத்தி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தோம். எங்கும் சிவக்கவில்லை. பிறகுதான் உண்மையான பித்தளையைப் பூட்டினோம். வெட்டி முடிந்த புஷ்ஷை அக்கா ஷாப்டில் ஏற்றி, தன் கையாலேயே சுற்றிப் பார்த்தார். உரசாமல் சுற்றியது.

பஸ் அதற்குள் போய்விட்டது. அக்கா சாரத்து மூட்டையோடு தங்கச்சி வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் பின்னேரம் சாம்பல்தீவு பஸ்ஸின் கொண்டக்டர் எங்கள் வாசலில் தலையை நீட்டி, "அந்த அக்கான்ர வள்ளம் கடலுக்குப் போயிட்டுதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி கணினியைப் பார்த்தார். "தம்பி, அதில இஞ்சியையும் வேகத்தையும் மாத்தாத. அப்படியே கிடக்கட்டும்."