கேட்டில் வாய் திறந்தவன்

மலாயாவில், வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலத்தில், பெடாஸ் பக்க ரப்பர் தோட்டமொன்றில் என்னோடு பால்மரம் வெட்டியவன் அவன். ஒல்லி உடம்பு, முன்பற்கள் இரண்டும் துருத்தியிருக்கும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் சோதனை நடக்கும். பால் வாளியைக் கவிழ்ப்பார்கள், தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்வார்கள். இவன் கேட்காமலேயே வாயையும் அகலத் திறந்து காட்டுவான்.

"நல்லா பாருங்க சார், ராத்திரி தின்ன சோறு பல்லிடுக்குல இருக்கும். கம்யூனிஸ்டு நோண்டி எடுத்துக்கிட்டா ஒங்க வேலதான் போயிரும்."

காவலர் திட்டுவார். நான் பயந்து ஒதுங்குவேன். "நீயும் ஒரு நாளைக்கு வாயத் தொறடா" என்று என்னைச் சீண்டுவான்.

இருபத்து நான்கு வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டான். சுடுகாடு வேலிக்கு வெளியே இருந்தது. பாடையைக் கேட்டில் நிறுத்திய காவலர், வாய்க்கரிசிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டார்.

"அரிசி வெளிய போகக்கூடாது லா."

"செத்தவனுக்குங்க" என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர்.

"செத்தவனுக்கு விடலாம்னு ஆர்டர்ல இல்லியே."

எப்படியோ எனக்கு வாய் வந்தது.

"இங்கயே போட்டுர்றோம் சார்."

கேட்டுக்கு உள்ளேயே பாடையை இறக்கி, எல்லாரும் அரிசி போட்டோம். காவலர் காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். வாய் நிறைய அரிசியோடு அவன் வெளியே போனான்.

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான்.