உட்கார ஒரு சிகரெட்

எங்கள் லாண்டரியில் அண்ணனுக்குப் பெயர் இஞ்சின். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பெட்ஷீட்டுகளை வெளுத்துத் தேய்த்து அனுப்புவது எங்கள் வேலை. ஆவி பறக்கும் உருளை இயந்திரத்துக்கு முன்னால் பதினோரு மணி நேரம் நிற்க வேண்டும். நாற்காலி என்ற சாமானே உள்ளே கிடையாது.

வெளியே முற்றத்தில் ஒரு பெஞ்சு உண்டு. புகை பிடிப்பவர்கள் மட்டும் ஐந்து நிமிடம் அதில் உட்காரலாம். வெளியே விடாவிட்டால் துணிக்குப் பின்னால் ஒளிந்து பற்றவைத்து, கட்டடத்தையே கொளுத்திவிடுவார்கள் என்று சூப்பர்வைசருக்குப் பயம். பழக்கம் இல்லாத என்னைப் போன்ற யோக்கியர்கள் நின்றுகொண்டே சாக வேண்டியதுதான்.

வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணனுக்கு சிகரெட் வாசனையே ஆகாது. மூன்றாம் மாதம் கால் வீங்கியது. நான்காம் மாதம் சட்டைப்பையில் ஒரு பாக்கெட்டோடு வந்தான். அதாயிற்று பதினெட்டு வருஷம்.

போன வாரம் இருமியபோது வெள்ளை பெட்ஷீட்டில் ரத்தம் தெறித்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை அழுக்கு மூட்டையில் திணித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?”

“ஏழு சார்.”

“அதென்ன கணக்கா ஏழு?”

“ஏழு தடவைதான் சார் வெளிய விடுவாங்க.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அங்கேயே எடுத்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரல் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினார். “இது என்னன்னு அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். இனிமே ஒண்ணுகூடத் தொடக் கூடாது. நல்லா ஓய்வெடுங்க” என்றார். ஓய்வாம்! அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்? கேட்க வாய் வரை வந்தது. அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் நின்று அண்ணன் சொன்னான்:

“செத்தாக்கூடப் பரவாயில்லம்மா. உட்காராம எப்படி நிக்கப் போறேன்னுதான் பயமா இருக்கு.”

“வாய மூடு அண்ணா” என்றேன்.

நான்தான் ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் சிகரெட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு தடவை பலித்தது. மூன்றாம் தடவை சூப்பர்வைசர் எதிரே வந்து நின்றார். நான் துணி வண்டியைப் பிடித்துக்கொண்டு கதவோரமே நின்றேன்.

“என்னப்பா இஞ்சின், புகையே காணோம்? பத்த வை. இல்லன்னா எழுந்து உள்ள போ.”

அண்ணன் எழுந்தான். இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினேன். சூப்பர்வைசர் தன் லைட்டரையே நீட்டினார். நல்ல மனுஷன்தான், நெருப்புக்கு மட்டும் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

அண்ணன் என்னைப் பார்க்காமல் குனிந்து பற்றவைத்துக்கொண்டான். அப்புறம் உட்கார்ந்தான்.